மதுசாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம்?

பாமசிகளிலும் சுப்பர் மார்க்கட்டுகளிலும் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இறாக்கையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். 'மதுசாரம் அற்றது' என்ற வாசகம் பல போத்தல்களின் முன்பக்கத்திலேயே பளிச்சென்று தெரியும். நமது சமூகத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் அதைத் தேடி எடுக்கிறார்கள். இதைக் கண்ட நமது வர்த்தகர்களில் சிலர், 'நாமே இதைத் தயாரித்தால் என்ன? தண்ணீர், புதினா வாசனை, கொஞ்சம் மருந்து, ஒரு ஹலால் லேபல், இவ்வளவுதானே?' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆர்வம் வரவேற்கத்தக்கது. அரிசி, துணி, மாணிக்கம், ஹோட்டல் என்று பழகிய வட்டத்தைத் தாண்டி உற்பத்தித் துறைக்குள் நமது இளைஞர்கள் வர வேண்டும் என்று விரும்புபவர்களில் நானும் ஒருவன். ஆனால், மருந்துப் பொருள் வியாபாரத்தோடு நீண்டகாலத் தொடர்பு உள்ளவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'மதுசாரம் அற்றது' என்பது ஒரு பொருள் அல்ல. அது ஒரு பொருளில் எது இல்லை என்பதை மட்டும் கூறும் சொல். வியாபாரம் இல்லாததில் இல்லை, இருப்பதில்தான் இருக்கிறது. மதுசாரத்தை எடுத்த பிறகு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாதவர் இந்தத் துறைக்குள் இறங்கக் கூடாது என்பதே எனது கருத்து. பதில் இருப்பவருக்கோ இது ஒரு நல்ல தொழில்.

மதுசாரம் அங்கே என்ன செய்கிறது?

முதலில், மதுசாரம் ஏன் அந்தப் போத்தலுக்குள் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உலகப் புகழ்பெற்ற லிஸ்டரின் 1879 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அதன் பழைய தயாரிப்பில் 26.9 வீதம் மதுசாரம் இருந்தது. கிருமிகளைக் கொல்லும் குளோரோஹெக்சிடின் என்ற மருந்தின் 0.12 வீதக் கரைசலொன்று 1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலும் 11.6 வீதம் மதுசாரம் சேர்க்கப்பட்டிருந்தது. இவற்றைத் தயாரித்தவர்கள் யாரையும் போதையாக்குவதற்காக அதைச் சேர்க்கவில்லை. மதுசாரம் அங்கே மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, கரைத்தல். மென்தோல், தைமோல், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவை தண்ணீரில் இலகுவில் கரையமாட்டா. மதுசாரத்தில் கரையும். இரண்டாவது, பாதுகாத்தல். போதிய அளவு மதுசாரம் உள்ள திரவத்துக்குள் பூஞ்சணமும் பக்டீரியாவும் வளர முடியாது. மூன்றாவது, உணர்வு. வாயில் ஏற்படும் அந்தச் சுரீர் என்ற எரிவை, 'மருந்து வேலை செய்கிறது' என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொள்கிறார்.

எனவே மதுசாரத்தை வெளியே எடுப்பவர் ஒரு பொருளை மட்டும் எடுக்கவில்லை. மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்த ஒரு ஊழியரை வேலையிலிருந்து நீக்குகிறார். அந்த மூன்று வேலைகளையும் இனி யார் செய்வது?

யாருக்காக எடுக்கிறோம்?

மார்க்க ரீதியாக, குடிக்காமல் துப்பிவிடும் மருந்தில் உள்ள மதுசாரம் பற்றி அறிஞர்களிடையே விரிவான கருத்துகள் உள்ளன. அதற்குத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி; வியாபாரப் பக்கத்தில் எழுதுபவனின் பணி அல்ல. ஆனால், மதுசாரமற்ற மருந்து முஸ்லிம்களுக்கு மட்டும் தேவையான ஒன்று என்று நமது வர்த்தகர்கள் நினைப்பது தவறு. அப்படி நினைப்பதால் சந்தையைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள்.

இலங்கையில் ஆண்களை அதிகம் பாதிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, மதுபானம் ஆகியவை அதற்கான முக்கிய காரணங்கள். மஹரகமையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் நோயாளியின் வாய், உள்ளே தோலுரிந்து புண்ணாகிவிடும். உமிழ்நீரே எரியும். அந்த நோயாளிக்கு வலியைக் குறைக்க வைத்தியர் கொடுக்கும் பென்சிடமின் போன்ற கரைசலில் மதுசாரமும் இருந்தால் அவரது நிலை என்னவாகும்? எரிவு தாங்காமல் மருந்தையே விட்டுவிடுவார். வயது முதிர்ந்து வாய் வறண்டவர்கள், நீரிழிவு காரணமாக வாய் உலர்ந்தவர்கள், சிறுவர்கள், மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்கள் ஆகிய அனைவருக்கும் மதுசாரமற்ற கரைசல் தேவை. 3 கிராம் அல்லது அதற்கு மேல் மதுசாரம் உள்ள வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தல்களுக்குச் சிறுவர்கள் திறக்க முடியாத மூடி போட வேண்டும் என்று அமெரிக்கா 1995 இல் விதித்தது. அங்கே முஸ்லிம்கள் கேட்டு அந்த விதி வரவில்லை. குழந்தைகள் குடித்து ஆபத்துக்குள்ளானதால் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மதுசாரம் உள்ள மவுத்வொஷ் புற்றுநோய் தரும்' என்று விளம்பரம் செய்ய சிலர் ஆசைப்படலாம். மதுபானம் அருந்துவது வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. ஆனால், மவுத்வொஷ் பற்றிய ஆய்வுகள் அப்படியொரு உறுதியான முடிவைத் தரவில்லை. போட்டியாளரின் பொருளைப் பற்றிப் பயமுறுத்தி விற்பது நமக்குத் தேவையில்லை. நமது பொருள் நல்லது என்றால் அதைச் சொல்லி விற்போம்.

வாயில் நிற்காத மருந்து

வாய் என்பது மருந்து தங்குவதற்கு வசதியான இடம் அல்ல. 10 அல்லது 15 மில்லிலீட்டர் மருந்தை அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பினால் உள்ளே எஞ்சுவது மிகச் சிறிதளவே. ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்துக்குச் சராசரியாக 0.3 மில்லிலீட்டர் அளவில் உமிழ்நீர் சுரக்கிறது. ஒருமுறை விழுங்கிய பின் வாயில் மிஞ்சியிருக்கும் உமிழ்நீர் ஏறத்தாழ 0.8 மில்லிலீட்டர்தான். கணக்குத் தெரிந்த வர்த்தகர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு விழுங்கலோடும் எஞ்சிய மருந்தும் வயிற்றுக்குப் போய்விடுகிறது. சில நிமிடங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

மதுசாரத்தால் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. இதைத் தீர்ப்பவை சீதப்படலத்தில் ஒட்டும் பொலிமர்கள். பாடசாலையில் 'பல்பகுதியம்' என்று படித்தோமே, அதுதான் பொலிமர். பெயர் பெரிது, விடயம் நமக்குப் பழக்கமானது. நோன்புக் கஞ்சி குடித்த பின் தொண்டையில் ஒரு மென்மையான படை நிற்பதை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம். தண்ணீர் குடித்தால் அப்படி நிற்பதில்லை. வெண்டிக்காயின் வழுவழுப்பும், பலூடாவில் ஊறிய கசகசாவின் வழுக்கலும் அதே வகையைச் சேர்ந்தவை. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் நீரை உறிஞ்சி விரிகின்றன. வாயின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள சீதத்தின் இழைகளோடு அவை பின்னிப் பிணைகின்றன. மருந்து அந்தப் பின்னலுக்குள் தங்கி மெதுவாக வெளியேறுகிறது. அதோடு அந்தப் படை, புண்ணின் மேல் ஒரு மெல்லிய போர்வையாகவும் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. வாய்ப்புண்ணுக்குப் பல் வைத்தியர்கள் நெடுங்காலமாக எழுதித் தரும் ஓராபேஸ் வகைப் பசையில் இருப்பவை ஜெலற்றின், பெக்டின், சோடியம் கார்பொக்சி மெதைல் செலுலோஸ் ஆகிய மூன்று ஒட்டும் பொருட்கள். பொலிவைனைல் பிரோலிடோன், ஹையலூரொனேற் ஆகியவற்றைக் கொண்ட மதுசாரமற்ற ஜெல் திரவமொன்று, புற்றுநோய்ச் சிகிச்சையால் ஏற்படும் வாய்ப்புண்ணுக்காக 2000களின் தொடக்கத்திலேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பொலொக்சமர் 407 என்ற இன்னொரு பொலிமர் இருக்கிறது. உரிய செறிவில் அது குளிரில் திரவமாக இருந்து, உடல் சூட்டில் ஜெல்லாக மாறும். நெய்க்கு நேரெதிரான குணம். போத்தலில் ஓடும், வாயில் நிற்கும்.

ஆகவே மதுசாரத்தை நீக்கி, சரியான பொலிமரைச் சேர்த்துத் தயாரிக்கப்படும் மருந்து, 'மதுசாரம் கூடாது என்பவர்களுக்கான இரண்டாந்தரப் பதிலீடு' அல்ல. புண்பட்ட வாய்க்கு அது பழையதைவிட மேலான மருந்தாகலாம். இதைத்தான் நமது வர்த்தகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். மார்க்கத்துக்காகச் சகித்துக்கொள்ளும் பொருளாக அல்லாமல், தரத்துக்காக எல்லா இனத்தவரும் கேட்டு வாங்கும் பொருளாக அதைச் செய்ய முடியும்.

எல்லாப் பொலிமரும் எல்லா மருந்துக்கும் பொருந்தாது

இனி, சறுக்கும் இடத்துக்கு வருவோம். சில காலத்துக்கு முன் அறிமுகமான ஒரு நானா, தான் பரீட்சார்த்தமாகத் தயாரித்த குளோரோஹெக்சிடின் கரைசல் என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. 'குலுக்கினால் சரியாகிவிடும்' என்றார். தடிப்புக்கு எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். சோடியம் கார்பொக்சி மெதைல் செலுலோஸ் என்றார். விலை குறைவு, இலகுவில் கிடைக்கிறது என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

குளோரோஹெக்சிடின் நேரேற்றம் கொண்ட மருந்து. சோடியம் கார்பொக்சி மெதைல் செலுலோஸ், கார்பொமர், அல்ஜினேற், சாந்தன் பசை ஆகியவை எதிரேற்றம் கொண்டவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மருந்து பொலிமரோடு கட்டுண்டு படிந்துவிடும். கிருமியைக் கொல்ல எஞ்சுவது கொஞ்சம்தான். குலுக்கினால் கண்ணுக்குக் கலந்துவிடும், கட்டு அவிழாது. லேபலில் 0.2 வீதம் என்று எழுதியிருந்தாலும் வாயில் வேலை செய்வது அந்த அளவு அல்ல. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லோரில் சல்பேற்றும் இதே போலக் குளோரோஹெக்சிடினை முடக்கும். பல் துலக்கிய உடனேயே இந்த மருந்தைப் பாவிக்காமல் சிறிது இடைவெளி விடுங்கள் என்று பல் வைத்தியர்கள் சொல்வது அதனால்தான்.

குளோரோஹெக்சிடினுக்கு ஏற்றவை ஹைட்ரொக்சி எதைல் செலுலோஸ், ஹைட்ரொக்சி புரொப்பைல் மெதைல் செலுலோஸ் போன்ற ஏற்றமற்ற பொலிமர்கள். இவற்றையும் எப்படியும் கொட்டிக் கலக்க முடியாது. இரண்டாவதாகச் சொன்னதைக் குளிர்ந்த நீரில் ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி கட்டியாகிவிடும். முதலில் சூடான நீரில் தூவிப் பரப்பி, பின் குளிரவிட்டால்தான் சீராகக் கரையும். ஒரு லீட்டருக்குச் சில கிராம் கூடினாலும் கொப்பளிக்க முடியாத கூழாகும். குறைந்தால் தண்ணீரைப் போல் ஓடிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளோரோஹெக்சிடின் தானாகவே பல்லிலும் சீதப்படலத்திலும் ஒட்டிப் பல மணித்தியாலங்கள் நிற்கும் மருந்து. 1970 ஆம் ஆண்டில் ஹரல்ட் லோ, ஷியொட் ஆகிய இரு ஆய்வாளர்கள், 0.2 வீதக் கரைசலில் 10 மில்லிலீட்டரை நாளுக்கு இரு முறை கொப்பளித்தால் பல் துலக்காமலேயே பற்படலம் உருவாவது தடுக்கப்படுகிறது என்று நிரூபித்தார்கள். ஆகவே பொலிமரின் முழுப் பயனும் அந்த மருந்தில் தெரியாது. வாயில் நிற்கத் தெரியாத வலிநிவாரணிகள், பூஞ்சண எதிர்ப்பு மருந்துகள், புண் ஆற்றும் மருந்துகள் ஆகியவற்றில்தான் அது தெரியும். எல்லோரும் செய்வதை நாமும் செய்யாமல், எங்கே தேவை இருக்கிறதோ அங்கே முதலீடு செய்வதே புத்திசாலித்தனம்.

அதே ஹரல்ட் லோவுக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1970 முதல் அவரது குழுவினர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் முறையான பல் துலக்கும் பழக்கமில்லாத 480 ஆண் தொழிலாளர்களின் முரசு நோயைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார்கள். ஏறத்தாழ 8 வீதமானோருக்கு நோய் வேகமாகவும், 81 வீதமானோருக்கு நடுத்தர வேகத்திலும் முன்னேறியது. 11 வீதமானோருக்கே முன்னேறவில்லை. 1986 இல் வெளியான அந்த முடிவுகள் இன்றும் உலகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன. நமது மக்களின் வாயை வைத்து உலகம் பாடம் படித்தது. அதே வாய்க்கு ஏற்ற மருந்தை நாம் ஏன் தரமாகச் செய்யக் கூடாது?

உயிரோடு விளையாடக் கூடாத இடம்

மதுசாரத்தின் முதலாவது வேலை கரைத்தல் என்று சொன்னேன். அதன் இடத்துக்கு வருபவை பெரும்பாலும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல், சோர்பிடோல் ஆகியவை. சுத்தமாக இருந்தால் இவை பாதுகாப்பானவை. ஆனால் இவற்றைப் போலவே தோற்றமளிக்கும், இனிக்கும், விலை குறைந்த நஞ்சுகள் இரண்டு இருக்கின்றன: டைஎதிலீன் கிளைக்கோல், எதிலீன் கிளைக்கோல். இரண்டும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவை.

1937 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கம்பனி, சல்பனிலமைட் என்ற மருந்தைத் திரவமாக்க டைஎதிலீன் கிளைக்கோலைக் கரைப்பானாகப் பயன்படுத்தி 'இலிக்சர்' என்ற பெயரில் விற்றது. 100 இற்கும் மேற்பட்டோர், அவர்களில் பலர் சிறுவர்கள், உயிரிழந்தனர். அப்போதைய சட்டத்தின்படி அந்த மருந்தைக் கைப்பற்ற அதிகாரிகளுக்குக் கிடைத்த ஒரே பிடி என்ன தெரியுமா? 'இலிக்சர்' என்றால் மதுசாரம் இருக்க வேண்டும், இதில் மதுசாரம் இல்லை, எனவே லேபல் தவறு என்பதுதான். நஞ்சை விற்றதற்குச் சட்டம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1938 இல், மருந்துகளை விற்க முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. மதுசாரத்தின் இடத்தில் எதை வைக்கிறோம் என்ற கேள்வியை அலட்சியம் செய்ததன் விலை அது.

இது பழங்கதை அல்ல. 2007 இல் பனாமாவில் விற்கப்பட்ட பற்பசையிலேயே டைஎதிலீன் கிளைக்கோல் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 இல் இந்தோனேசியாவில் நச்சுப் பாணி மருந்துகளால் ஏறத்தாழ 200 சிறுவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். புரொப்பிலீன் கிளைக்கோல் என்று லேபல் ஒட்டிய பீப்பாய்களில் எதிலீன் கிளைக்கோல் இருந்தது ஒரு இரசாயன வியாபாரியின் களஞ்சியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கவனியுங்கள், அங்கே கண்டுபிடிக்கப்பட்டது மருந்துக் கம்பனியில் மட்டுமல்ல, நம்மைப் போன்ற ஒரு மொத்த வியாபாரியின் களஞ்சியத்தில். 'நான் வாங்கி விற்பவன் மட்டும்தான்' என்ற வார்த்தை அந்தப் பெற்றோருக்கு என்ன பதிலாகும்? கொப்பளித்துத் துப்புவதுதானே என்றும் சமாதானம் சொல்ல முடியாது. சிறுவர்களும், தொண்டைப் புண் உள்ளவர்களும் விழுங்கிவிடுகிறார்கள். வாயில் நீண்ட நேரம் நிற்கும்படி செய்த மருந்தென்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இரண்டாவது வேலை பாதுகாத்தல். 1998 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வைத்தியசாலை நோயாளர்களிடையே பேர்க்ஹோல்டேரியா செபாசியா என்ற பக்டீரியா பரவியது. தேடிப் பார்த்தபோது அவர்களுக்குப் பாவித்த மதுசாரமற்ற மவுத்வொஷ், தயாரிக்கும் இடத்திலேயே அந்தக் கிருமியால் மாசடைந்திருந்தது தெரியவந்தது. வாயைச் சுத்தம் செய்யக் கொடுத்த திரவமே நோயைக் கொண்டுவந்தது. செலுலோஸ் பொலிமர்களைப் பூஞ்சணம் தின்று திரவத்தை நீர்த்துப்போகச் செய்யவும் கூடும். அதனால் பரபென் போன்ற பாதுகாப்புப் பொருள் சேர்க்க வேண்டும். ஆனால் வாசனை எண்ணெயைக் கரைக்கச் சேர்க்கும் பொலிசோர்பேற், அந்தப் பரபெனையே தன்னுள் இழுத்து அதன் வலுவைக் குறைத்துவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். சமையலறையில் கலந்து பார்த்து ருசி சொல்லும் வேலை அல்ல இது.

ஹலால் என்பது மதுசாரத்தோடு முடிவதில்லை

இன்னொரு விடயத்தையும் நமது சகோதரர்கள் கவனிக்க வேண்டும். மதுசாரம் இல்லை என்பதாலேயே ஒரு மருந்து ஹலாலாகிவிடாது. மேலே சொன்ன ஒட்டும் பசையில் ஜெலற்றின் இருக்கிறது. அது எந்த விலங்கிலிருந்து வந்தது? கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 'மதுசாரம் அற்றது' என்று பெரிதாக எழுதிவிட்டு இவற்றைப் பற்றி மௌனமாக இருப்பது அரை உண்மை. மலேசியா 2012 இலேயே ஹலால் மருந்துகளுக்கென்று எம்எஸ் 2424 என்ற தனித் தரநிர்ணயத்தை வெளியிட்டு, 2019 இல் அதைப் புதுப்பித்தது. மூலப்பொருள், இயந்திரம், களஞ்சியம், போக்குவரத்து என்று முழுச் சங்கிலியையும் அது பார்க்கிறது. இந்தோனேசியா 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மருந்துகளையும் ஹலால் சான்றிதழ் வளையத்துக்குள் கொண்டுவந்தது. நாளை ஏற்றுமதி செய்ய நினைப்பவர் இன்றே அந்தத் தரத்தில் தொடங்க வேண்டும்.

பொலிமர் விடயத்தில் நமது நாட்டுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசன் நேரேற்றம் கொண்டது. எதிரேற்றம் உள்ள சீதத்தோடு நன்றாக ஒட்டும், குளோரோஹெக்சிடினோடும் மோதாது. புத்தளம், சிலாபம் பகுதிகளில் இறால் வளர்ப்பு பெரும் தொழில். ஆனால் ஓட்டை அரைத்தால் கைட்டோசன் ஆகிவிடாது. அமிலத்தால் கல்சியத்தையும் காரத்தால் புரதத்தையும் நீக்கி, பின் செறிந்த காரத்தில் பதப்படுத்தி, மருந்துத் தரத்துக்குச் சுத்திகரிக்க வேண்டும். அது அமிலத்தன்மை உள்ள நீரில்தான், பிஎச் 6 இற்குச் சற்று மேலிருந்து கீழ்நோக்கித்தான் கரையும். பிஎச் 5.5 அளவுக்குக் கீழே போனால் பல்லின் மிளிரி கரையத் தொடங்கும். நடுவே இருப்பது ஒடுங்கிய ஒழுங்கை. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையும் லேபலில் வேண்டும். இறால், நண்டு பற்றி மத்ஹபுகளிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும் முன்கூட்டியே உலமாக்களிடம் கேட்டுத் தெளிவடைவது நல்லது. இத்தனையையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்துதான் செய்ய முடியும். சில வர்த்தகர்கள் கூட்டாக முதலிட்டால் அது எட்டாத தூரமும் அல்ல.

என்ன செய்யலாம்?

சிறு வர்த்தகர்கள் உடனே தொழிற்சாலை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுமதிப்பத்திரம் உள்ள மருந்து உற்பத்தியாளர் ஒருவரிடம் ஒப்பந்த அடிப்படையில் தயாரிக்கக் கொடுக்கலாம். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்றால் அது மருந்து. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யாமல் அதைச் சந்தைக்கு விட முடியாது. மதுசாரத்தைத் தவிர்ப்பதால் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிக்காக அலைவது மிச்சம் என்பது உண்மையே. ஆனால் மருந்துப் பதிவிலிருந்து விலக்கில்லை.

தயாரிப்பவராக இருந்தாலும், வாங்கி விற்பவராக இருந்தாலும் கீழ்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

1. மருந்து எது, எத்தனை வீதம்? வாசனை நீரையா மருந்தென்று விற்கிறோம்?

2. மதுசாரத்துக்குப் பதிலான கரைப்பான் எது? அந்தத் தொகுதியில் டைஎதிலீன் கிளைக்கோலும் எதிலீன் கிளைக்கோலும் 0.10 வீத எல்லைக்குள் உள்ளன என்று பரிசோதித்த அறிக்கை எங்கே? பீப்பாயை இடையில் யாராவது திறந்து மறுபொதி செய்தார்களா?

3. பொலிமர் எது? மருந்தோடு அது ஒத்துப்போகிறது என்பதற்கு 40 பாகை செல்சியஸ், 75 வீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைத்துப் பார்த்த நிலைத்தன்மைப் பரிசோதனை உண்டா? நமது காலநிலையில் தகரக் கூரைக் களஞ்சியத்தில் இருக்கப்போகும் போத்தல் இது.

4. பாதுகாப்புப் பொருள் உண்மையில் கிருமிகளைத் தடுக்கிறது என்று ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டதா?

5. ஜெலற்றின், கிளிசரின் ஆகியவற்றின் மூலம் என்ன? அதற்கான ஆவணம் எங்கே?

6. பதிவு இலக்கம் என்ன?

இந்த ஆறுக்கும் விடை தேடப் பணம் செலவாகும், காலமும் ஆகும். 'இவ்வளவும் செய்தால் இலாபம் எங்கே?' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பொலிமர் விலையுயர்ந்த பொருளல்ல. ஒரு லீட்டருக்குச் சில கிராம்தான் தேவை. செலவு அறிவிலும் பரிசோதனையிலும்தான். அந்தச் செலவைச் செய்தவரின் பொருளை அடுத்த கடைக்காரர் ஒரு வாரத்தில் பிரதி பண்ண முடியாது. புதினாத் தண்ணீரில் லேபல் ஒட்டியவரின் பொருளை எவரும் பிரதி பண்ணலாம். எது நிலைக்கும் வியாபாரம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

2022 ஆம் ஆண்டின் டொலர் நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கும் மக்கள் பாமசி பாமசியாக அலைந்ததை நாம் பார்த்தோம். உள்நாட்டில் தரமாகத் தயாரிக்கும் ஆற்றல் ஒரு நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்பதை அந்த நாட்கள் உணர்த்தின. அந்த ஆற்றலில் நமது சமூக வர்த்தகர்களுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

'ஹலால்' என்ற சொல்லை நம்பி ஒருவர் நமது போத்தலை எடுக்கிறார் என்றால், உள்ளே இருப்பதைத் தனக்குப் பதிலாக நாம் பரிசோதித்துவிட்டோம் என்று அவர் நம்புகிறார். அது ஓர் அமானிதம். மதுசாரத்தை வெளியே எடுப்பது அந்த அமானிதத்தின் முதல் படி மட்டுமே. மீதியை லேபல் அச்சடிக்கும் அச்சகம் செய்து தராது. ஆய்வுகூடத்தில் நாம்தான் செய்ய வேண்டும்.